கையொப்பமிட ஒரு கணவன் வேண்டும் என்கிறது சட்டம்!
(வடபகுதிக் கிராமமொன்றில் மாதர் கூட்டுறவாளர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெண்கள் தொழில் செய்து முன்னேறுவதற்கு அரசாங்கமும் நிறுவனங்களும் செய்யவேண்டிய உதவி யாது என்பது பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். இத்தகைய கூட்டங்களில் பெண்ணின் பெருமையைப் புகழ்ந்து, மாலை வாங்கி, தேநீர் அருந்தி வீடு திரும்புவது அரசியல்வாதிகளுக்கு எளிது. இன்று நாம் புகழ வரவில்லை. ஒரு வழக்கை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம். அந்த வழக்கில் எதிரிக் கூண்டில் நிற்பது கொழும்பு அரசாங்கம் மட்டுமன்று, நாமுந்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியிலிருந்து ஒரு தாய் எம்மிடம் வந்தார். போரின் இறுதி மாதங்களில், 2009இல், அவருடைய கணவர் காணாமற் போனார். பிள்ளைகள் மூவர். மிளகாயும் மல்லியும் இடித்து, அரிசிமா வறுத்து, சிறு பைகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுத்து அவர் குடும்பத்தைக் காத்துவந்தார். அரைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தால் அயலிலுள்ள மூன்று பெண்களுக்கும் வேலை கொடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழை எதுவும் இருக்கவில்லை. பிணை வைப்பதற்கும் அவரிடம் பொருள் இருந்தது. கலியாணத்தின்போது பெற்றோர் சீதன உறுதி எழுதிக் கொடுத்த தோட்டக் காணி யாழ்ப்பாணத்தில் அவர் பெயரிலேயே கிடந்தது.

அவர் ஒரு வங்கிக்குச் சென்றார. உறுதியைப் பார்த்த உத்தியோகத்தர் காணி நல்லது, உறுதியும் நல்லது என்றார். பின்பு, "கணவருடைய சம்மதக் கையொப்பம் வேண்டும்" என்றார்.

"ஐயா, அவர் எங்கே என்றுதானே நானும் இத்தனை வருடமாக எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று அந்தத் தாய் பதிலிறுத்தார்.

அந்த உத்தியோகத்தரை நாம் குறை கூறவில்லை. அவர் சட்டத்தையே எடுத்துரைத்தார். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதே நாம் இன்று பேச வேண்டியது.

எத்தனை திணைக்களங்கள்!

பெண்களுக்கு உதவ இந்நாட்டில் நிறுவனங்கள் இல்லை என்று எவரும் கூற முடியாது. 1978ஆம் ஆண்டில் மகளிர் பணியகம் அமைக்கப்பட்டது. 1981இல் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. 1993இல் மகளிர் பட்டயம் ஒன்று பிரகடனஞ் செய்யப்பட்டது. 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் சிறு முயற்சிகளை வளர்க்கவென்று தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. 2024இல் மகளிர் வலுவூட்டற் சட்டமும் நிறைவேறியது. அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரையோ, பெண்களின் முன்னேற்றத்துக்காகத் தனியான ஏற்பாடுகள் செய்வதைச் சமத்துவக் கோட்பாடு தடைசெய்யாது என்று தெளிவாகவே கூறுகிறது.

இவ்வளவும் இருந்தும் விளைவென்ன? தொழில் செய்யும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே இந்நாட்டில் தொழிற்படையில் உள்ளனர். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேர். வீட்டிலும் வயலிலும் கூலியில்லாமற் பாடுபடும் தாயின் உழைப்பிற் பெரும்பகுதி எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. அதே வேளையில் நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கிலொன்றுக்குப் பெண்ணே தலைமை தாங்குகிறாள். போர் தின்ற எமது மாகாணத்தின் நிலையை நாம் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்தப் பந்தலில் அமர்ந்திருப்போரைப் பார்த்தாலே போதும்.

கிராமத்துக்கு வந்து சேரும் உதவி எத்தகையது? ஒரு தையல் இயந்திரம், பத்துக் கோழிக்குஞ்சுகள், மூன்று நாட் பயிற்சி, ஒரு சான்றிதழ். ஒரே ஊரில் நாற்பது பேருக்குத் தையல் பழக்கினால் யாருக்கு யார் சட்டை தைப்பது? கோழிக்குஞ்சைக் கொடுத்தவர் தீவனத்துக்கும் சந்தைக்கும் வழி சொன்னாரா? தொழில் நடத்த மூன்று பொருள்கள் வேண்டும். முதல் வேண்டும், அதைப் பெறுவதற்குப் பிணையாக ஆதனம் வேண்டும், விளைந்ததை விற்கச் சந்தை வேண்டும். இம்மூன்றையும் விட்டுவிட்டு எம் பெண்களுக்குப் பயிற்சியை மட்டும் வாரி வழங்குகிறார்கள். அந்தப் பயிற்சிக்குரிய ஏடுகளும் படிவங்களுங்கூடப் பல வேளைகளிற் சிங்களத்தில் வருகின்றன. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது என்பதை அச்சகத்தார்க்கு எவரும் அறிவிக்கவில்லை போலும்!

எமது சட்டத்தில் உள்ள முள்

அன்பர்களே, இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். அந்தத் தாயை வங்கி வாசலில் தடுத்து நிறுத்தியது தேசவழமை.

தேசவழமை எமக்குப் பெருமை தரும் சட்டம். 1707ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் ஆட்சியில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி எமது முன்னோரின் வழக்கங்களைத் தொகுத்தார். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது பெண்ணுடையதே என்று அந்த வழமை கொண்டது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தனதென்று வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரையிற் காத்திருந்தாள் என்பதை நினைக்கும்போது, எம் முன்னோர் எவ்வளவு முன்னே நின்றனர் என்பது விளங்கும்.

ஆனால், அச்சொத்தை அவள் எவ்வாறு ஆளலாம் என்பதை இன்று நிர்ணயிப்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம். அதன் 6ஆம் பிரிவைப் பாருங்கள். மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே தனியுடைமை என்கிறது. நன்று. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி விற்கலாம், கொடுக்கலாம். நன்று. ஆனால் காணி, வீடு முதலிய அசையாச் சொத்தை உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அதே பிரிவு, மரணசாதனம் எழுதி அக்காணியைக் கொடுப்பதற்கு மட்டும் கணவனின் சம்மதம் வேண்டியதில்லை என்கிறது!

இதன் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். தான் இறந்தபின் தன் காணியை யாருக்குக் கொடுப்பதென்று முடிவுசெய்ய அவளுக்கு அறிவு உண்டு. உயிரோடிருந்து, அதே காணியை ஈடுவைத்து, ஓர் இயந்திரம் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சோறு போட மட்டும் அவளுக்கு அறிவு போதாது. நீதிமன்றில் ஓர் இளம் வழக்கறிஞர் இவ்வாறு வாதாடினால் நீதிபதி புன்னகை செய்வார். சட்டப் புத்தகத்திலோ இது நூறாண்டுக்கு மேலாக வீற்றிருக்கிறது.

தென்னிலங்கையின் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களை 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச்சட்டம் இத்தளையிலிருந்து விடுவித்தது. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணும் தேசவழமைக்கு உட்படாதவள், அவளுக்கும் இத்தடையில்லை. தேசவழமைக்குட்பட்ட வடபகுதிப் பெண்ணை அந்தக் கட்டளைச்சட்டம் வேண்டுமென்றே தன் எல்லைக்கு வெளியில் நிறுத்தியது. அவள் இன்றுவரை அங்கேயே நிற்கிறாள்.

1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பரிகாரம் உண்டே என்று சட்டம் படித்த நண்பர்கள் கூறுவர். உண்டு. 8ஆம் பிரிவின்படி, கணவன் கைவிட்டுச் சென்றாலோ, நெடுங்காலம் சிறையிலிருந்தாலோ, அவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அவள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அனுமதி பெறலாம். அந்தத் தாய்க்கு நாமும் அவ்வாறே மனுச்செய்தோம். அனுமதியும் கிடைத்தது. ஆனால் அதற்குள் எத்தனை தவணைகள், எத்தனை பேருந்துப் பயணங்கள், எத்தனை நாட் கூலி! "என் கணவர் காணாமற் போய்விட்டார்" என்று அந்நியர் நிறைந்த மன்றில் அவர் மீண்டும் ஒருமுறை சத்தியஞ் செய்ய வேண்டியிருந்தது. காணாமற் போனோர் குடும்பங்களுக்குக் காணப்படாமைச் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் வந்தது உண்மையே. எனினும் தன் சொந்தச் சீதனக் காணியை ஈடுவைக்கும் உரிமையை அச்சான்றிதழ் அவளுக்குத் தானாகவே தந்துவிடவில்லை. அதற்கு நீதிமன்ற வாசலையே மிதிக்க வேண்டும்.

அடிப்படை உரிமையை மீறுகிறதென்று உயர் நீதிமன்றத்திற் கேட்டு இப்பிரிவை நீக்கலாகாதா என்று வினவுவீர்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அதற்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாயிருப்பினும் செல்லுபடியாகும் என்று அவற்றுக்குக் காப்பு அளித்துவிட்டது. ஆகவே நீதிமன்றம் இதைத் திருத்த இயலாது. பாராளுமன்றமே திருத்த வேண்டும். திருத்தும்படி கேட்க வேண்டியவர் யார்? சிங்கள உறுப்பினரா? எமது உறுப்பினரே கேட்க வேண்டும்.

"தேசவழமையைத் தொடாதே, அது எமது தனித்துவத்தின் அடையாளம், இன்று ஒரு பிரிவைத் திருத்தினால் நாளை முழுவதையும் பறித்துவிடுவார்கள்" என்று அஞ்சுவோர் எம் கட்சித் தோழரிடையேயும் உள்ளனர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பறிகொடுத்துப் பழகிய மக்களுக்கு அச்சம் இயல்பு. ஆனால் வழமை என்பது கல்வெட்டன்று. 1911இல் திருத்தினார்கள், 1947இல் மீண்டும் திருத்தினார்கள். தேசவழமை அதனால் இறந்துவிடவில்லை. பெண்ணுக்குச் சொத்துக் கொடுத்ததே தேசவழமையின் உயிர். அச்சொத்தை அவள் ஆள முடியாமற் செய்யும் நான்கு சொற்களை நீக்குவது அந்த உயிருக்கு வலிமை சேர்க்கும். எமது இல்லத்தின் ஒழுக்கை நாமே அடைக்காவிட்டால், ஒரு நாள் அயலான் வந்து கூரையையே பிரித்து எறிவான். அப்போது முறையிட எமக்கு வாயிராது.

திருத்தம் முடியாத காரியமன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வன்னிக் குடியேற்றத் திட்டங்களிற் காணிபெற்ற உழவர்கள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தை அறிவீர்கள். காணி பெற்றவர் பின்னுரித்தாளியைப் பெயர் குறிப்பிடாது இறந்தால், அதன் 3ஆம் அட்டவணைப்படி மகளுக்கு முன் மகனே உரித்தாளியானான். தந்தையோடு சேற்றில் நின்ற மகள் வெறுங்கையோடு வெளியேறினாள். பல்லாண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. எண்பத்தேழு ஆண்டுகள் பிடித்தன. எனினும் நடந்தது.

வாரக் கடன் என்னும் சுருக்கு

வங்கி வாசல் அடைபட்டபோது அந்தத் தாய் என்ன செய்தார்? அவர் வீட்டு வாசலுக்கே இன்னொருவர் வந்தார். உறுதி வேண்டாம், கணவர் கையொப்பம் வேண்டாம், அயற்பெண்கள் நால்வர் பிணை நின்றாற் போதும் என்றார். போர் முடிந்து பாதை திறந்ததும் வடக்கிற்கும் கிழக்கிற்கும் படையெடுத்து வந்த நுண்கடன் கம்பனிகளின் கதை இதுவே.

உழவர்களே, நீங்களே கணக்கிடுங்கள். ஐம்பதினாயிரம் ரூபா கடன்; ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 என்று சொல்லப்படுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 வாரங்களிற் கட்ட வேண்டும். வாரத்துக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. ஆனால் வாரந்தோறும் முதல் குறைந்துகொண்டே போகிறது. ஆண்டின் நடுப்பகுதியிற் பாதி முதலே கையில் உண்டு. வட்டியோ முழு முதலுக்கும் அறவிடப்படுகிறது. ஆகவே உண்மை வட்டி நூற்றுக்கு 40க்கும் மேல்! இதுவும் அடக்கமான ஒரு கணக்கே. 2018இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர், நூற்றுக்கு 220 வரையிலான வட்டிகளைப் பற்றியும், கடன் அறவிட வருவோர் பெண்களுக்கு இழைக்கும் இழிவுகளைப் பற்றியும் எடுத்துரைத்தார்.

வட்டி ஒருபுறமிருக்க, தவணையைப் பாருங்கள். வெங்காயம் நட்டால் கிண்டுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேலாகும். நெல்லுக்கு மூன்று, நான்கு மாதம். பனங்கிழங்கு தன் பருவத்திலேயே வரும். கடன்காரனோ அடுத்த வாரமே வாசலில் நிற்கிறான். நிலம் வாரந்தோறும் விளையுமா? ஆகவே முதற் கடனைக் கட்ட இரண்டாவது கடன். இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. ஒருத்தி தவறினால் பிணை நின்ற நால்வரும் அவள் வாசலிற் கூடுவர். ஆண்டாண்டுக் காலமாய் ஒரே கிணற்றில் நீர் அள்ளியவர்கள் பகைவராயினர்.

நீதிமன்ற அனுமதியோடு நாம் அந்தத் தாயை மீண்டும் சந்தித்தபோது, அவர் தாலிக்கொடியை அடகு வைத்திருந்தார். கணவர் திரும்பி வருவாரென்று கழற்றாமல் அணிந்திருந்த தாலி அது.

அரசாங்கம் என்ன செய்தது? 2016இல் நுண்நிதிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டம் வைப்புப் பணம் பெறும் நிறுவனங்களையே முக்கியமாகக் குறிவைத்தமையால், கடன் மட்டும் கொடுத்தோர் பலர் வலையின் கண்வழியே நழுவினர். 2018இல், வறட்சியால் தாக்குண்ட மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களில் வீழ்ந்த பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நன்றி கூறுகிறோம். ஆனால் ஏன் அப்பெண் அங்குச் சென்றாள் என்று கேட்கப்படவில்லை. 2021 மார்ச் மாதத்தில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் இதே கடனுக்கெதிராகத் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடனுக்கு இனமில்லை, மொழியில்லை என்பதை அவர்கள் எமக்குக் காட்டினர்.

எமது கையிலிருந்த கருவி

அப்படியாயின் வழி என்ன? வழி புதியதன்று. 1911ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச்சட்டம் வந்தது. அதைப் பற்றிக்கொண்டு முன்னேறியவர்களில் யாழ்ப்பாணத்தார் முன்வரிசையினர். நோயாளிக்கு மருத்துவமனை வேண்டுமென்று மூளாயில் 1930களிற் கூட்டுறவு மருத்துவமனையே எழுப்பிய மக்கள் நாம். சிக்கன கடனுதவிச் சங்கத்தில் கடன் கொடுப்பவர் யார்? ஊரவர். வட்டி யாருக்கு? சங்கத்துக்கு. தவணை எப்போது? விளைவு வரும்போது. ஒருத்தியின் உழைப்பையும் நாணயத்தையும் ஊர் அறியும், அதுவே பிணை.

அயலிலும் பாருங்கள். குசராத்தின் அகமதாபாத்தில், சட்டம் பயின்ற இலா பட் என்னும் அம்மையார் 1972இல் சுயதொழிற் பெண்களின் சங்கத்தை அமைத்தார். தெருவிற் காய்கறி விற்றோரும் வண்டி இழுத்தோரும் அதன் அங்கத்தவர். வங்கிகள் அவர்களை மதிக்கவில்லை. 1974இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். கையொப்பமிடத் தெரியாதோருக்குக் கணக்குப் புத்தகத்தில் நிழற்படம் ஒட்டப்பட்டது. கேரளத்தில் 1998இல் அரசாங்கமே தொடங்கிய குடும்பசிறீ இயக்கம், அயற்கூட்டங்களை உள்ளூராட்சியோடு இணைத்து, பெண்கள் கூட்டாகக் குத்தகை நிலத்திற் பயிரிடவும் வழிசெய்தது. அங்கு அரசாங்கம் முதலும் நிலமும் சந்தையும் தேடிக் கொடுத்தது. ஆளுகையைப் பெண்களிடம் விட்டது.

இங்கு? கூட்டுறவும் கிராம அபிவிருத்தியும் மாகாண சபைக்குரியவை என்று 13ஆவது திருத்தம் கூறியது. வட மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018 ஒக்டோபரிற் காலாவதியானது. அதன்பின் தேர்தல் ஆண்டாண்டாகப் பின்போடப்பட்டது. மாகாணத்துக்குத் தன் வருவாயும் தன் சபையும் இல்லாதபோது, ஓர் ஊரின் சிக்கன சங்கத்துக்கு முதல் கொடுப்பதா இல்லையா என்பதையும் கொழும்பிலிருந்தே தீர்மானிப்பர். சுயாட்சி என்பது கவிஞர்க்கும் வழக்கறிஞர்க்கும் உரிய கனவன்று. மாவரைக்கும் ஒரு தாயின் இயந்திரமும் அதனுள் அடங்கும்.

நாம் கோருவன

ஆகவே நாம் கோருவன ஐந்து.

முதலாவது, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்னும் நிபந்தனை நீக்கப்படல் வேண்டும். இதற்கான பிரேரணையைத் தமிழ் உறுப்பினரே கட்சி பேதமின்றிக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, அது நிறைவேறும் வரையில், காணப்படாமைச் சான்றிதழ் உள்ள பெண்ணின் மனு மாவட்ட நீதிமன்றிற் செலவின்றியும் விரைவாகவும் விசாரிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, கடன் கொடுக்கும் எவரும் உண்மை வட்டியைத் தமிழில் எழுதிக் கையில் தந்த பின்னரே கையொப்பம் பெறல் வேண்டும். நான்காவது, பெண்களுக்கென ஒதுக்கும் பணம் பயிற்சிப் பட்டறைகளிற் கரையாது, சிக்கன கடனுதவிச் சங்கங்களின் வழியே, பயிரின் பருவத்துக்கேற்ற தவணையோடு முதலாகச் சென்றடைதல் வேண்டும். ஐந்தாவது, பாடசாலை, மருத்துவமனை, சிறைச்சாலை ஆகியவற்றுக்கு உணவும் உடையும் வாங்கும் அரசாங்கம், அவற்றில் ஒரு பங்கை மாதர் சங்கங்களிடம் வாங்குதல் வேண்டும். இதுவே சந்தை.

கோரிக்கை வைத்துவிட்டு நாம் கைகட்டி இருக்கலாமா? வழக்கறிஞர் தோழர்களே, 8ஆம் பிரிவின் கீழ் வரும் ஏழைத் தாயின் மனுவை ஊதியமின்றி எடுப்போம் என்று இன்றே உறுதி கூறுவோம். கணக்காளரும் ஆசிரியரும் ஊர்ச் சங்கத்தின் ஏடுகளை மாதமொருமுறை பார்த்துக் கொடுங்கள். உழவர் பெருமக்களே, உங்களுக்கு ஒரு சொல். கமநல சேவை நிலையப் பதிவேட்டில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. நாற்று நட்டவள் பெயர் இல்லை. உரமும் நட்டஈடும் பெயரைப் பார்த்தே வருகின்றன. நாளை உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் அவள் எந்த வாசலில் நிற்பாள்? உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே அவள் பெயரையும் சேருங்கள்.

அந்தத் தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். இயந்திரம் வந்தது. ஆனால் அவர் கணக்கிட்டபடி மூன்று பெண்களுக்கு வேலை கொடுக்க முடியவில்லை. வாரக் கடன் மீதியைத் தீர்க்கவே வருவாய் செல்வதால் ஒருத்திக்கே கொடுத்திருக்கிறார். மற்ற இருவருக்குரிய வேலையைத் தின்றது அவருடைய சோம்பலன்று, அறியாமையன்று. ஒரு பழைய சட்டமும், அதைத் திருத்த நாம் காட்டிய தயக்கமும் தின்றன. அந்த இருவரும் இன்றும் கூலி தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இந்தக் கடனுக்குத் தவணை கேட்க எமக்கு உரிமையில்லை.